பூட்டைக் கேட்டியா

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் அலுவலகத்துக்கு ஏழு நிமிடம் தாமதம். காரணம் அண்ணன்.

வீட்டைப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். தெருமுனை வரை என்னோடு நடந்து வந்தான். அங்கே நின்று, "ஏய் எலி, பூட்டுன சத்தம் உனக்குக் கேட்டுச்சா?" என்றான். கேட்டது என்றேன். நம்பவில்லை. திரும்பிப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான். முப்பத்தொன்பது வயது, பேருந்து ஓட்டுகிறவன். வண்டியில் எங்கோ ஒரு திருகு தளர்ந்தால்கூட ஓட்டிக்கொண்டே சொல்லிவிடுவான் என்று டிப்போவில் அவனுக்குப் பெயர். வீட்டுப் பூட்டு விஷயத்தில் மட்டும் தன் காதை நம்ப மாட்டான்.

அண்ணி இதற்கு 'இரண்டாம் ஆட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார். "உங்க அண்ணன் ரெண்டாம் ஆட்டம் பாத்துட்டு வரட்டும், நீ முன்னால போ." எல்லாரும் சிரிப்போம். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அலுவலகம் என்றால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, பதினொரு பேர், ஒரு கேம். மதில் சூழ்ந்த ஒரு நகரம். அதற்குள் வந்து சேரும் ஒரு பயணி. ஆடுகிறவர்தான் அந்தப் பயணி. வணிகரின் பிள்ளை, படைவீரர், மருத்துவச்சி, நாடோடி, துறவி என்று ஐந்து பின்புலங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அந்தப் பின்புலங்களையும், நகரத்து மனிதர்கள் பேசும் பேச்சையும் எழுதுவது என் வேலை.

இன்று தலை (எங்கள் குழுவின் மூத்தவர், அவரை நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவோம்) என் மேஜைக்கு வந்து ஐந்தும் சரியில்லை என்றார். "வணிகர் பிள்ளைன்னு எடுத்தா கடைத்தெருவுல ரெண்டு வரி வேற மாதிரி பேசுறாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் ஒரே ஆளு. முதல் பக்கத்துல படிச்சிட்டு மறக்குறதுக்கு எதுக்கும்மா பின்புலம்? கடைசிக் கதவு வரைக்கும் கூடவே வர்ற மாதிரி ஆறாவதா ஒண்ணு வேணும். வியாழக்கிழமை குடு."

எங்கிருந்து கொண்டுவருவது?

மார்ச் 6, வியாழன்

கொடுத்துவிட்டேன். மற்றவற்றுக்கு நான்கு நாள் ஆனது. இதற்கு இரண்டு மணி நேரம்.

'வாயிற்காவலர் பிள்ளை.' நகரத்தின் வடக்கு வாயிலைக் காத்தவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் விடியும்போது வாயில் திறந்து கிடந்தது. பகைவர் உள்ளே வந்திருந்தார்கள். பூட்டியது மூத்தவன், பழியும் அவன் மேல். ஆடுகிறவர் இளையவர். வளர்ந்து ஊர் திரும்புகிறார். பூட்டு எதுவானாலும் அவருக்குச் சுலபமாகத் திறக்கும். வாயிற்காவலர்கள் பழக்கத்தில் வழிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் ஒரு நினைவு வரும். கதவு கதவாகத்தான் தெரியவரும்: மூத்தவன் சரியாகத்தான் பூட்டினான். நரிக்குட்டிகளைப் பார்ப்பதற்காகத் திறந்தது இளையவர்.

தலை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது எங்கேருந்து வந்துச்சு?"

"சும்மா தோணுச்சு, தலை."

"இனிமே இப்படியே சும்மா தோணட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். காவலர்கள் மாறி மாறிச் சொல்லும் ஒரு வரியை அப்படியே வைத்திருக்கிறேன். "பூட்டைக் கேட்டியா?" அது எங்கள் அப்பா வாயைத் தவிர வேறெங்கும் நான் கேட்டிராத வாக்கியம்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன், ஒரே ஒரு முறை.

அப்பா ஒரு நூல் கிடங்கின் காவலாளி. கேட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு அறை. கிடங்குக் கதவில் பழைய பெரிய பூட்டு. அழுத்தினால் ஒரு சத்தம் வரும். அதோடு விட்டுவிட்டால் பூட்டியது போலவே தொங்கும், ஆனால் இழுத்தால் வாயைப் பிளந்துவிடும். இன்னும் அழுத்த வேண்டும். இரண்டாவது சத்தம் வர வேண்டும். அதனால்தான் அப்பா 'பூட்டினியா' என்று கேட்க மாட்டார். பூட்டைக் கேட்டியா என்பார்.

அன்று அப்பாவுக்குக் காய்ச்சல். சாயங்காலம் அண்ணன் பூட்டிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சைக்கிளில் மருந்து வாங்கப் போனான். அவனுக்குப் பதினைந்து, எனக்கு ஒன்பது. மூன்றாவது வரிசை மூட்டைகளுக்கு நடுவில் பூனை குட்டி போட்டிருந்தது. சாவியை எடுத்தேன். திறந்தேன். பார்த்தேன். திரும்ப அழுத்தினேன். ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது சத்தத்துக்கு என் கையில் பலம் பற்றவில்லை. அண்ணனுடைய சைக்கிள் மணி கேட்டது. ஓடிவிட்டேன்.

காலையில் கதவு திறந்து கிடந்தது. பாதிக் கிடங்கு காலி. "ரெண்டு சத்தம் கேட்டேன்பா" என்று அண்ணன் சொன்னான். கிடங்குக்காரரிடம் சொன்னான், காவல் நிலையத்தில் சொன்னான், அப்பா அடித்தபோதும் அதையேதான் சொன்னான். ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்தோம். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் ஏறினான். எப்போது சொல்வதை நிறுத்தினான் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் "ஒருவேளை ஒண்ணுதான் கேட்டுச்சோ என்னமோ" என்றான். அன்றிலிருந்துதான் இரண்டாம் ஆட்டம்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அண்ணன்தான் சரியாகப் பூட்டவில்லை என்ற நம்பிக்கையோடு. நான் படித்தேன், அண்ணன் சம்பாத்தியத்தில்.

மார்ச் 11, செவ்வாய்

ஆறாவது பின்புலம் இப்போது அலுவலகத்தின் செல்லப்பிள்ளை. ஓவியர் வாயிலை வரைந்துவிட்டார். குரல்களைக்கூடப் பதிவு செய்துவிட்டார்கள். தலை ஒன்றைத்தான் கேட்டார்: "மூத்தவன்கிட்ட உண்மையச் சொல்ற கிளை எங்க?"

நான் எழுதவில்லை. இளையவர் மூத்தவனைச் சந்திக்கிறார். அவன் மதிலுக்கு வெளியே வண்டிச் சக்கரம் பழுதுபார்த்துப் பிழைக்கிறான். அவனுக்கு உதவுகிறார், விடைபெறுகிறார். அவ்வளவுதான்.

"சொல்லித்தான் ஆகணுமா?" என்றேன்.

"சொல்றதும் சொல்லாததும் ஆடுறவங்க இஷ்டம். உன் இஷ்டம் இல்ல. வழிய மட்டும் நீ போட்டு வை."

அவர் வேலையைச் சொன்னார். நான் அந்த ஃபைலை மூடிவைத்தேன்.

மார்ச் 13, வியாழன்



எங்கள் புரோகிராமருக்குக் கொடிக்காரர் என்று பெயர். ஆடுகிறவர் என்ன செய்தாலும் அதற்கு ஒரு கொடி ஏற்றிவைப்பார். இன்ன பின்புலம் என்று ஒரு கொடி. ரகசியம் வெளியே வந்துவிட்டது என்று ஒரு கொடி. நகரத்து மனிதர்கள் ஒவ்வொருவரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் எந்தெந்தக் கொடி ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். இன்று ஏதோ ஒரு இடத்தில் தவறிப்போய், ரகசியக் கொடி ஆட்டம் தொடங்கும்போதே ஏறிவிட்டது.

சோதிக்க உட்கார்ந்தவள் நான். வாயிலுக்குள் நுழைந்தேன். படகுக்காரர் தலை நிமிர்ந்து, "பூட்டைக் கேட்டியா?" என்றார். கிணற்றடியில் நின்ற பெண் கேட்டார். கொல்லர் கேட்டார். சந்தையில் கூடை விற்கிறவர் விலைகூடச் சொல்லாமல் அதைத்தான் கேட்டார். ஓடினேன், கேமில்தான். ஓட ஓட இரண்டு பக்கமும் வாசல்களில் ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டேன்.

கொடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊருக்கே தெரிஞ்சுபோச்சுங்க." அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இது குறுகுறுப்பு இல்லை. படகுக்காரர் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

சொல்கிற கிளையில் பாதி எழுதினேன். இளையவர் பேசுவது வந்துவிட்டது: "திறந்தது நான்தான். நீ சரியாகத்தான் பூட்டினாய். நான் மறுபடி சாத்தியபோது ஒரு சத்தம்தான் கேட்டது."

மூத்தவன் பதில் வரவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில் மன்னித்தான். தலை, "பொய்" என்றார். அடுத்து அடித்தான். "இதுவும் பொய்." மூன்றாவதில் அழுதான். தலை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் என்ன சொல்வான்? எனக்குத் தெரியாது. அவனோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

அண்ணன் டிப்போவில் படியிலிருந்து சறுக்கி விழுந்துவிட்டான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம் படுக்கை. "ஓட்டுறவனுக்கு இறங்கத் தெரியலன்னு ஊரே சிரிக்கும்" என்று அவனே சிரித்தான்.

படுத்த இடத்திலிருந்து, "எலி, வாசல் கதவக் கேட்டியா?" என்று மூன்று முறை கேட்டான். அவன் எழுந்து போய்ப் பார்க்க முடியாது. நான் மூன்று முறையும் போய் இழுத்துப் பார்த்தேன்.

மார்ச் 20, வியாழன்

இதுவரை கேம் தொடாதவர்கள் ஆடிப் பார்க்க வேண்டுமாம். ஆளுக்கு ஒருவரை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார் தலை. என் வீட்டில் யாருக்கும் கம்ப்யூட்டர் ஆகாது என்று சொல்லிவிட்டேன். கொடிக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் மாவுக்கட்டோடு படுத்திருப்பதை நேற்று நானேதான் வாய்வலிக்கச் சொல்லியிருந்தேன்.

வாய்தான் எனக்கு எமன்.

மார்ச் 22, சனி

குளித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கினால் கூடத்தில் கொடிக்காரர். கையில் டீ. அண்ணன் மடியில் அலுவலக லேப்டாப்.

"சார் சும்மா சுவரைப் பாத்துட்டு இருக்காருன்னீங்களே. அதான் கொண்டாந்தேன்" என்றார். நல்ல மனிதர். அவரை அந்த டீயிலேயே முக்கிவிடலாம் போல இருந்தது.

அண்ணனுடைய விரல் பட்டியலில் இறங்கியது. வணிகர் பிள்ளை. படைவீரர். மருத்துவச்சி. நாடோடி. நான் நாடோடியில் நில் நில் என்று மனதுக்குள் சொன்னேன். துறவி. ஆறாவது.

"ஏய் எலி. இங்க பாரு, நம்மள மாதிரி ஒருத்தன் இருக்கான்."

தொடக்கத்தில் வருவது மூன்றே வரி. தகப்பன் வாயிற்காவலர். ஒரு விடியலில் வாயில் திறந்து கிடந்தது. பழி மூத்தவன் மேல் விழுந்தது. படித்து முடித்ததும் அவன் திரையிலிருந்து முகத்தை எடுக்காமல், "நீ எழுதுனதா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"எனக்காகவா?"

நான் பதில் சொல்லவில்லை. அவன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. அண்ணியைக் கூப்பிட்டு, "இவ என்னப் பத்தி எழுதியிருக்கா பாரு. மூத்தவன் மேல தப்பு இல்லன்னு கடைசியில காட்டுவா, அதானே எலி?" என்றான்.

இதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

அவன் இப்போது என் வேடத்தில் இருக்கிறான். என் பின்புலத்தை மாட்டிக்கொண்டு என் நகரத்தில் நடக்கிறான். படிக்க நேரமெடுக்கிறான், ஒவ்வொரு ஆளிடமும் போய்ப் பேசுகிறான், கிணற்றடிப் பெண்ணுக்குக் குடத்தைத் தூக்கிவிடுகிறான். கதவு திறந்தால் உள்ளே போய்விட்டுத் திரும்ப வந்து சாத்துகிறான். கேமில் யாரும் சாத்துவதில்லை. சாத்த வேண்டிய அவசியமும் இல்லை.

இதுவரை இரண்டு கதவு. மூத்தவனைச் சந்திக்கும் இடத்துக்கு இன்னும் ஒன்பது கதவு இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

கொடிக்காரரிடம் கெஞ்சினேன், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று. ஒரு சத்தம்தான் கேட்டது. அதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் கதை. அந்த ஒரு சத்தம், அதைக் கேட்டவளுக்குத்தான் தெரியும்.

"ரெக்கார்டு பண்ணியாச்சே. அதுவும் இல்லாம சார்கிட்ட இருக்கறது போன வாரத்துப் பதிப்பு. மாத்தணும்னா லேப்டாப்ப இங்க கொண்டாங்க" என்றார். பிறகு, "ஏன், நல்லாத்தானே இருக்கு அந்த வரி?" என்றார்.

சாயங்காலம் சார்ஜரை எடுத்து என் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

அண்ணி துணி மடிக்க வந்தவர் சார்ஜரைக் கண்டுபிடித்துவிட்டார். "இதென்னடி, சேலைக்கெல்லாம் சார்ஜ் போடுறியா?" என்று சிரித்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் நான். ஒரு சார்ஜரைக்கூட மறைக்கத் தெரியவில்லை.

ஐந்து கதவு.

மார்ச் 26, புதன்

ஒரு காவலர் அவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணன் கத்தினான்: "எலி, அப்பா பேசுறாருடி இதுல!"

திரும்பத் திரும்ப அந்தக் காவலரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பூட்டைக் கேட்டியா. பூட்டைக் கேட்டியா. அவன் சிரிக்கிறான், நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அண்ணி சமையலறையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான். "ஒனக்கு ஒண்ணு தெரியுமா? முப்பது வயசுல நான் காது டாக்டர்கிட்டப் போனேன். யாருக்கும் சொல்லல. ஹெட்போன மாட்டி, சத்தம் வர்றப்பல்லாம் கைய தூக்கச் சொன்னாரு. காது பழுது இல்லன்னுட்டாரு. நல்லா இருக்காம். அப்ப அன்னிக்கு நான் கேட்டது என்னது? கேக்காததக் கேட்டேன்னு நெனச்சிட்டேனா? பொய் சொன்னேனா? காது கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

டீ போடட்டுமாவாம்.

மார்ச் 27, வியாழன்

ஒன்பது கதவு. ஒன்பதாவதில் நரிக்குட்டிகள் வருகின்றன. இளையவர் சாவியை எடுப்பது மட்டும் வரும், மற்றது அடுத்த கதவில். அண்ணன் இன்று அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சீக்கிரமே லேப்டாப்பை மூடிவைத்துவிட்டான்.

எதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறானா? இல்லை, கால் வலியா? மூடிய லேப்டாப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. நாளைக்கு லீவு போடலாமா? போட்டு? கூடவே உட்கார்ந்து அவன் விரலைப் பிடித்துக்கொள்வதா?

கடைசியில் இரண்டு வழி இருக்கிறது. 'சொல்', 'சொல்லாதே'. அவன் 'சொல்லாதே' எடுத்தால் நான் பிழைத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

எடுக்க மாட்டான். அவனைப் பற்றி எனக்கு இதுகூடத் தெரியாமலா போயிற்று.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் விளக்குப் போடவில்லை. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அண்ணி சமையலறை வாசலில் நின்று கையால் கேட்டார், என்ன ஆச்சு என்று. "மத்தியானத்துலேருந்து இப்படித்தான். சாப்பிடல. கேட்டா பேச மாட்டேங்கிறாரு."

மேஜையில் அலுவலகக் கருத்துப் படிவம். ஆடி முடித்தவர்கள் நிரப்பித் தர வேண்டியது. அவனுடைய பெரிய, சாய்ந்த எழுத்து.

எது பிடித்தது? 'காவலர் பேசுவது.'

ஆட்டம் எங்காவது நின்றதா? 'ஆமாம். மூத்தவனிடம் சொன்ன பிறகு, "அண்ணன் பதில் — பிறகு எழுதணும்" என்று வந்து நின்றுவிட்டது.'

அது நான் எனக்கே போட்டுக்கொண்ட குறிப்பு. பதில் வராத இடத்தில் ஏதாவது ஒன்றைத் தட்டிவைப்பது வழக்கம், பிறகு அழித்துவிடுவோம். அழிக்க மறந்துவிட்டேன். அதிலும் 'மூத்தவன் பதில்' என்று எழுதவில்லை. ஸ்கிரிப்ட் முழுக்க மூத்தவன், மூத்தவன் என்று எழுதியவள் அந்த ஒரு இடத்தில் அண்ணன் என்று எழுதியிருக்கிறேன்.

எங்காவது புரியவில்லையா? 'ஒரு சத்தம்தான் கேட்டது என்று இளையவர் சொல்கிறார். எழுதியவருக்கு எப்படித் தெரியும்? அந்த வருடம் மூன்றாவது வரிசையில் பூனை குட்டி போட்டிருந்தது.'

மாடிக்கு வந்துவிட்டேன். இன்னும் கீழே போகவில்லை.

மார்ச் 29, சனி

சொல்லிட்டேன்.

காலையில போய்த் தரையில உக்காந்தேன். நான்தாண்ணா. பூனைய பாக்கப் போனேன். நீ நல்லாத்தான் பூட்டியிருந்த. எனக்குக் கை பத்தல. உன் சைக்கிள் மணி கேட்டு ஓடிட்டேன். அப்பா உன்ன அடிச்சப்ப கதவுக்குப் பின்னால நின்னேன். பயந்துட்டேண்ணா. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் இன்னும் பயம் கூடிடுச்சு — இப்பவும் பயமாத்தான் இருக்கு.

இவ்வளவும் சொன்னேனா, இல்லை பாதியை மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேனா, தெரியவில்லை.

அவன் கத்தவில்லை. மாவுக்கட்டைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அப்ப எனக்குக் கேட்டது ரெண்டுதான?"

"ஆமாண்ணா."

"ரெண்டு."

"ரெண்டுதாண்ணா."

மூன்றாவது முறையும் கேட்டான். நானும் சொன்னேன். அண்ணி வாசலில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சரி" என்றான். "போகும்போது கதவச் சாத்திட்டுப் போ."

ஏப்ரல் 2, புதன்

பேசவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேசவில்லை. அண்ணி சாப்பாட்டை மாடிக்கே கொண்டுவந்து வைக்கிறார். அவரிடம், "அவன் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னானா?" என்று கேட்டேன். "அவரு எதுவும் சொல்லல. எனக்குத்தான் உன் முகத்தப் பாக்க முடியல" என்றார். "காது டாக்டர்கிட்டப் போனாராமே. எனக்குக்கூடத் தெரியாது. நான் அதுக்கு ரெண்டாம் ஆட்டம்னு பேர் வச்சு சிரிச்சுட்டு இருந்தேன்."

அவர் போன பிறகும் தட்டை எடுக்கத் தோன்றவில்லை. இத்தனை நாளும் என் பயம் எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான். தெரிந்துவிட்டது. பயம் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இனிமேல் அவன் என்னை எலி என்று கூப்பிடவே மாட்டானோ?

ஏப்ரல் 15, செவ்வாய்

தலை மூத்தவனின் பதிலைக் கேட்கிறார். அது மட்டும்தான் பாக்கியாம்.

எனக்கு இப்போது தெரியும், அவன் என்ன கேட்பான் என்று. ஆறே வார்த்தைக்குள் அடங்கிவிடும். தலை படித்தால் நிச்சயம் பொய் என்று சொல்ல மாட்டார். அதனாலேயே எழுதவில்லை. ஏற்கெனவே ஒரு முறை அவனிடமிருந்து கேட்காமல் எடுத்தவள் நான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பத்திரிகை எடுக்கக் கீழே போனேன். அண்ணன் ஊன்றுகோலோடு சன்னல் பக்கம் நின்றிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்:

"அவன் பதில எழுதிட்டியா?"

இருபத்திரண்டு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. இல்லை என்றேன். தலையைத்தான் ஆட்டினேன், அவன் பார்க்கவில்லை, மறுபடி வாயால் சொன்னேன்.

"எழுதாத. அவன வாயத் தொறக்க வைக்காத. அவனுக்கு இன்னும் நாளாகும்."

ஏப்ரல் 21, திங்கள்

மூத்தவன் பதில் சொல்ல மாட்டான் என்று தலையிடம் சொன்னேன். இளையவர் சொல்லி முடிப்பார். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு கையிலிருக்கும் சக்கரத்துக்குத் திரும்பிவிடுவான். அதற்கப்புறம் ஊரில் எந்தக் கதவைத் திறந்தாலும் நினைவு வராது. வெறும் கதவாகத் திறக்கும். அவ்வளவுதான் மாற்றம்.

தலை சரி என்றார். கொடிக்காரருக்குத்தான் மனசே இல்லை. "அப்ப 'மன்னித்தான்'னு ஒரு கொடி போட்டு வச்சிருக்கேனே, அத எங்கதாங்க ஏத்துறது?"

"எங்கயும் இல்ல."

"அழிச்சுடட்டுமா?"

அழிக்க வேண்டாம், இறக்கியே இருக்கட்டும் என்றேன்.

மே 5, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். இன்று முதல் அண்ணன் வேலைக்கு. அண்ணிக்கும் வெளியே வேலை இருந்தது. மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பினோம். அவன் என்னோடு வேண்டியதற்கு மட்டும்தான் பேசுகிறான். குடை எடுத்தியா. கேஸை மூடினியா. எலி என்று இன்னும் கூப்பிடவில்லை.

அண்ணன்தான் பூட்டினான். சத்தம் கேட்டது. இழுத்துப் பார்க்கவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான், கொஞ்சம் காலைச் சாய்த்து. தெருமுனை வந்தது. அண்ணி பழக்கத்தில் நின்றுவிட்டார். அவன் நிற்கவில்லை. அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஓட்டமாகப் போய் அவனோடு சேர்ந்துகொண்டார்.

நானும் நாலடி வைத்திருப்பேன். கேட்டது பூட்டின் சத்தம்தானா? பக்கத்து வீட்டு இரும்புக் கதவின் சத்தமாக இருந்தால்? இன்றைக்கென்று திறந்து கிடந்து, ஏதாவது ஆகிவிட்டால், அவன் மறுபடியும்...

திரும்பி ஓடினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. இன்னொரு முறை இழுத்தேன்.

மூச்சிரைக்க வந்தால், பேருந்து நிறுத்தத்துக்குப் போகாமல் தெருமுனைக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அண்ணி முன்னால் போய்விட்டிருந்தார். எங்கே போனாய் என்று அவன் கேட்கவில்லை. நான் பக்கத்தில் வந்ததும் நடக்கத் தொடங்கினான்.

அலுவலகத்துக்கு ஏழு நிமிடம் தாமதம். காரணம் நான்.